ரூமி மஸ்தகியின் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

கையில் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். நேற்று நாட்டு மருந்துக் கடையில் 'ரூமி மஸ்தகி' என்று கேட்டு வாங்கிய மரப்பிசின். முன்வரிசைக்கு மட்டும் ஆளுக்கொரு துண்டு. பின்வரிசையார் மன்னிக்க வேண்டும், விலை அப்படி! வாயில் போட்டுக் கடித்தால் முதலில் பொடிப்பொடியாக நொறுங்கும், லேசாகக் கசக்கும். துப்பிவிடாதீர்கள். மெல்ல மெல்ல ஒன்றுசேர்ந்து வெள்ளை உருண்டையாகும். பைன் மரத்து வாசனை மூக்கில் ஏறும்.

யுனானி வைத்தியம் வழியாக நமக்கு வந்த பெயர் இது. கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தை அரபிகள் 'ரூம்' என்றார்கள். அங்கிருந்து வந்த சரக்கு ரூமி. விளையும் இடம் கியோஸ் தீவு. ஏஜியன் கடலில், துருக்கிக் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிரேக்கத் தீவு. இந்தப் பிசினைத் தரும் மரம் மத்தியதரைக்கடல் ஓரமெங்கும் புதராக வளர்கிறது. ஆனால் சந்தைக்கு வரும் அளவுக்குப் பிசின் தருவது கியோஸின் தெற்குப் பகுதியில்தான்.

மரம் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கோணல்மாணலாக நிற்கும். கோடையில் அதன் அடியைப் பெருக்கிச் சமன்செய்து, சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மண்ணைச் சலித்துப் பரப்புவார்கள். பிறகு சிறு கூர்முனையால் பட்டையில் கீறுவார்கள். கசியும் பிசின் சொட்டி, அந்த மண்மேல் இறுகும். அவர்கள் அதைக் 'கண்ணீர்' என்றே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சிறு கத்தியால் ஒவ்வொரு மணியாகச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். நம் கைக்கு வந்த துண்டும் அப்படி ஒரு கை பட்டதுதான்.

1346-இல் இத்தாலிய நகரமான ஜெனோவாவின் ஆட்கள் தீவைப் பிடித்தார்கள், இந்தப் பிசின் வணிகமும் அவர்கள் கைக்கு வந்தது. அரசன்கூட இல்லை, பங்கு போட்டு நடத்திய ஒரு வணிகக் கூட்டு! கிழக்கிந்தியக் கம்பெனி பிறக்க இன்னும் 250 ஆண்டு இருந்தது. விளைச்சலைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்க ஊர்களையே கோட்டைகளாகக் கட்டினார்கள். மெஸ்தா என்ற ஊரில் விளிம்பு வீடுகளின் பின்சுவர்தான் மதில். கூரைகள் ஒரே மட்டம். ஆபத்தென்றால் மாடிக்கு மாடி ஓடி நடுக்கோபுரத்துக்குள் புகுந்துகொள்ளலாம். பக்கத்து ஊரான பிர்கியில் வீட்டுச் சுவர்களெல்லாம் கறுப்பு வெள்ளை முக்கோணம், சதுரம், வட்டம். கரிய காரையின்மேல் வெள்ளையடித்து, ஈரம் காய்வதற்குள் சுரண்டி எடுக்கும் கோலம் அது.

1566-இல் தீவு உஸ்மானியத் துருக்கியர் கைக்குப் போனது. சுல்தானின் அந்தப்புரப் பெண்கள் வாய் மணக்க மென்றது இதைத்தான். அந்தச் செல்லம் எதுவரை தாங்கியது தெரியுமா? 1822-இல் கிரேக்கக் கிளர்ச்சியை அடக்க வந்த படை, தீவில் பல்லாயிரம் பேரைக் கொன்றது. பல்லாயிரம் பேரை அடிமைச் சந்தைக்கு ஏற்றியது. பிசின் ஊர்களை முதலில் தொடவில்லை. ஜூனில் கிரேக்கர்கள் உஸ்மானியத் தளபதியின் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். அந்தக் கோபத்தில் பிசின் ஊர்களும் சூறையாடப்பட்டன. இந்தப் படுகொலையைப் பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா 1824-இல் தீட்டிய ஓவியம் பாரிஸின் லூவ்ரில் தொங்குகிறது. எனக்கோ அதைவிட, மலைமேல் இருக்கும் 11-ஆம் நூற்றாண்டு நேயா மோனி மடம்தான் கனக்கிறது. உள்ளே தங்கப் பின்னணியில் பதிகல் ஓவியங்கள். வாசலருகே சிறு கோயிலில், 1822-இல் இறந்தவர்களின் மண்டையோடுகள்.

துயரம் மட்டுமே பேசிவிட்டேன் போலிருக்கிறது. வசந்தத்தில் தோப்புகளுக்கு நடுவே காட்டு டியூலிப் மலர்கள் சிவக்கச் சிவக்கப் பூக்கும். எம்போரியோஸ் என்ற ஊரருகே ஒரு கடற்கரையில் மணலே கிடையாது. பழைய எரிமலை தந்த கருங்கூழாங்கற்கள். அலை பின்வாங்கும்போது அவை உருண்டு கலகலக்கும்.

2012 ஆகஸ்டில் பெருந்தீ பிசின் தோப்புகளில் பெரும் பரப்பை எரித்தது. ஊர்க்காரர்கள் போத்து வெட்டி மறுபடி நட்டார்கள். நட்ட மரம் முதல் சொட்டுத் தர ஐந்தாறு ஆண்டாகும். முன்வரிசையில் மென்றுகொண்டிருப்பவர்களே, உங்களில் யார் வாயிலாவது அந்தப் போத்தின் பிசின் இருக்கலாம்.