சதுப்புக்கு வேலி போதாது, தண்ணீரும் வேண்டும்

வணக்கம் நேயர்களே.

நகரத்தின் ஓரத்தில் இருக்கிற சதுப்பு நிலங்களைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். திருகோணமலைக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. உப்புவெளியைத் தாண்டி நிலாவெளி வீதியில் போகிறவர்கள் சாம்பல்தீவுப் பக்கம் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். கரையோரம் உப்புத்தண்ணீரில் வளர்கிற கண்ணா மரமும் கண்டல் மரமும், நடுவில் தில்லை மரம், அப்புறம் உமரிச் செடி படர்ந்த சேற்றுவெளி. இன்னும் வடக்கே சின்னக்கரைச்சி, பெரியகரைச்சிக் களப்புகள். புல்மோட்டைக்கு அப்பால் கொக்கிளாய். நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் போகிற உல்லாசப் பயணிகளும் சாம்பல்தீவுச் சதுப்பைக் கடந்துதான் போகிறார்கள், ஆனால் வாகனத்தை நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆனது. ஒரு இடத்தை அறிவித்து, எல்லைக்கல் நட்டு, பெயர்ப்பலகை வைத்துவிட்டால் அது காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சதுப்பு விஷயத்தில் அது பாதி வேலைதான். காட்டை வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். சதுப்போ, அதற்குள் யாரும் கால் வைக்காமலேயே செத்துப் போகும். மேலே இருந்து வருகிற மழைத்தண்ணீரையும், கடலில் இருந்து ஏறுகிற உப்புத்தண்ணீரையும் மறித்துவிட்டால் போதும்.

கொழும்புக்கு வடக்கே உள்ள முத்துராஜவெலவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே நெல் விளைந்தது. பிறகு ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் வழியே உப்புத்தண்ணீர் உள்ளே ஏறி வயல்கள் கெட்டன. அந்த உப்பை வடித்து விடுவதற்கென்று ஆங்கிலேயர் இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். 1804இல் வேலை முடிந்த ஹமில்டன் கால்வாய் அதுதான். வயல்கள் மீளவில்லை. அந்த நிலத்தின் ஒரு பகுதி 1996இல் சரணாலயம் ஆனது. இருநூறு வருடம் கழிந்தும் அந்தச் சதுப்பின் குணத்தைத் தீர்மானிப்பது அன்றைக்கு வெட்டிய கால்வாய்கள்தான். தண்ணீர் போகிற பாதையில் கை வைப்பவர் யாராக இருந்தாலும் அடுத்த பல தலைமுறைகளின் நிலத்தில் கை வைக்கிறார்.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது? ஆண்டுக்குச் சுமார் 1600 மில்லிமீற்றர் மழை நமக்கு. அதில் பாதிக்கு மேல் ஐப்பசியில் இருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாரித் தண்ணீர் வீடுகளுக்குள் போகாமல் தங்கி நிற்கிற இடம் இந்தப் பள்ளங்கள். களப்பு நிரம்பியதும், அது கடலில் கலக்கிற ஆற்றுவாயை அடைத்திருக்கிற மணல் திட்டு தானாக உடையும், அல்லது மீனவர்கள் வெட்டி விடுவார்கள். வாய் திறந்த காலத்தில் கடலில் பிறந்த இறால் குஞ்சு உள்ளே வரும். கண்டல் வேரடியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். நண்டும் கொடுவாவும் அப்படித்தான். வீச்சு வலையோடு களப்பில் இறங்குகிறவருக்கு இது பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

இந்த ஓட்டத்தின் குறுக்கே ஒரு பாதை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகு வைக்காமல், கிரவலைக் கொட்டி நிரவிய பாதை. ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும். மறு பக்கம் கடல் தண்ணீர் வந்து போகாது, மழைத்தண்ணீரும் வந்து கழுவாது, உப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். கண்ணா உப்பைத் தாங்குகிற மரம்தான், அதற்கும் ஒரு அளவு உண்டு. அப்படியே நின்றபடி காய்ந்து போகும். காய்ந்த மரத்தைப் பார்த்துவிட்டு, 'இது வெறும் தரிசு, விற்கலாம்' என்று ஒருவர் வருவார். சரணாலயம் என்று அறிவித்த எல்லைக்குள் தனியார் காணியும் இருக்க நமது சட்டத்தில் இடம் உண்டு. அதனால் விற்கலாம் என்கிற பேச்சு சும்மா பேச்சாக நிற்பதில்லை.

கிணறு இருக்கிற வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிற மழைத்தண்ணீர். மழை நிலத்தில் தங்கி ஊறினால்தான் அந்தப் படை தடிப்பாக இருக்கும். பள்ளத்தையெல்லாம் மூடிவிட்டு, கோடையில் மோட்டாரை வைத்து இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே வரத்தான் செய்யும்.

பறவைகளையும் சொல்லியாக வேண்டும், எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம். மாரி தொடங்குகிற நேரத்தில் வளைந்த அலகுள்ள ஒரு சின்ன உள்ளான் வரும். எடையைப் பார்த்தால் ஒரு கோழி முட்டை அளவுதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். அங்கிருந்து பறந்து வந்து நம் சேற்றில் புழு தேடுகிறது. இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெரிய தரை ஒன்றும் இல்லை. இங்கே சேறு இல்லாவிட்டால் தள்ளிப் போய் இறங்க அதற்கு இடம் கிடையாது. சேறு காய்ந்து இறுகினால் அதன் அலகு இறங்காது, ஆழமாகத் தண்ணீர் நின்றால் அதன் கால் எட்டாது. தண்ணீர் சரியான மட்டத்தில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் அது கேட்பது.

மரம் நடுவது பற்றியும் ஒரு வார்த்தை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். நல்ல மனத்தோடுதான் நட்டார்கள், ஆனால் பெரும்பகுதி பிழைக்கவில்லை. தண்ணீர் மட்டம் பொருந்தாத இடத்தில் நட்டார்கள், எந்த இடத்துக்கும் ஒரே இனத்தை நட்டார்கள், பல இடங்களில் மாடு மிதித்தது. நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஒரு சாண் உயரம் தப்பினாலே கன்று மூழ்கிச் சாகும், அல்லது காய்ந்து சாகும். அடைபட்ட இடத்தில் ஒரு மதகைத் திறந்து விட்டால் போதும், விதை தண்ணீரோடு மிதந்து வந்து தனக்குப் பிடித்த மட்டத்தில் தானே முளைக்கும். ஆயிரம் கன்று நடுகிற விழாவுக்குச் செலவழிக்கிற காசை இரண்டு மதகுக்குச் செலவழியுங்கள் என்று நான் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் சொல்லி வருகிறேன். மதகுக்கு முன்னால் நின்று படம் எடுக்க ஆட்கள் வரமாட்டார்கள் என்பது உண்மைதான். இருந்தாலும் செய்ய வேண்டும்.

ஒரு வேலையை உங்களிடம் விட்டுப் போகிறேன். சாம்பல்தீவில் இருந்து இறக்கக்கண்டி வரை, எந்த ஒழுங்கையால் முன்னர் மாரித்தண்ணீர் ஓடியது, எந்தப் பாதை போட்டபோது அது மறிபட்டது, ஆற்றுவாய் வழக்கமாக எங்கே உடைத்தது என்று அறிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இளைஞர்கள் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். கைத்தொலைபேசியிலேயே இடத்தைக் குறிக்கலாம். அதை ஒரு வரைபடமாக்கி, கிராம சேவையாளரிடமும் பிரதேச சபையிடமும் வனசீவராசிகள் திணைக்களத்திடமும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த மாரிக்கு முன் செய்தால், எந்த மதகை முதலில் தோண்ட வேண்டும் என்பதை அந்த மழையிலேயே சரிபார்த்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.