எறும்பின் குப்பையில் என்ன முளைக்கிறது?

நண்பர்களே, இலைவெட்டி எறும்பு என்றதும் அது வளர்க்கும் பூஞ்சைத் தோட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வெளியே இருக்கும் மண்ணுக்கு வந்துவிடுகிறேன்.

இந்த எறும்புகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளவை. நிகரகுவாவில் தங்கச் சுரங்கப் பொறியாளராக இருந்த தாமஸ் பெல்ட்தான், வெட்டிய இலைமேல் அவை பூஞ்சை வளர்த்து உண்கின்றன என்று 1874இல் எழுதினார். 1893இல் ஆல்ஃபிரட் மோல்லர் பிரேசிலில் ஆராய்ந்து அதை உறுதிப்படுத்தினார். புதுக் கூடு வைக்கப் பறக்கும் ராணி, தாய்க்கூட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் விதையாக எடுத்துப் போகிறாள். சரி, இதெல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஒரு கூட்டில் ஒரே பூஞ்சைதான் பயிர். ஆனால் சுற்றியுள்ள மண்ணிலும், உள்ளே வரும் இலைகளிலும் வேறு பூஞ்சைகள் ஏராளம். எஸ்கோவாப்சிஸ் என்ற ஒட்டுண்ணிப் பூஞ்சை நுழைந்தால் தோட்டமே அழியலாம். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையும் எறும்புக்குக் களைதான். நம் விவசாயிகள் வேரழுகலைத் தடுக்கத் தொழுவுரத்தில் கலந்து போடுகிறார்களே, அதே டிரைக்கோடெர்மா! பனாமாவில் அதன் வித்துகளைத் தோட்டத்தில் தெளித்துப் பார்த்தார்கள். எறும்புகள் வித்துகளை வாயால் வழித்தெடுத்தன. அந்தப் பூஞ்சை தொற்றிய பகுதிகளைப் பிய்த்து அகற்றின.

பிய்த்ததெல்லாம் எங்கே போகிறது? குப்பைக்கு. அட்டா கொலம்பிகா என்ற இலைவெட்டி இனம் கூட்டுக்கு வெளியே குவிக்கிறது. அட்டா செஃபலோட்டஸ் என்ற இன்னோர் இனம் மண்ணுக்கடியில் தனி அறைகளில் கொட்டுகிறது. குப்பையில் வேலை பார்த்த எறும்பு தோட்டப் பக்கம் வந்தால் மற்றவை விரட்டுகின்றன. அவ்வளவு கண்டிப்பு.

எறும்பு நோயென்று ஒதுக்கிய இந்தக் குப்பை மற்ற உயிர்களுக்கு விருந்து. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்தது. மட்கவைக்கும் பூஞ்சைகள் அங்கே கூடுகின்றன. மரங்களின் மெல்லிய வேர்களும் தேடி வருகின்றன. சில அடி தள்ளி, கூட்டின் மேட்டில் நிலைமையே வேறு. ஆழத்திலிருந்து தோண்டிப் போட்ட, சத்துக் குறைந்த அடிமண் அது. எறும்புகள் சருகையும் அகற்றிவிடுவதால், சருகை நம்பி வாழும் பூஞ்சைகளுக்கு அங்கே தீனி கிடையாது.

ஆகவே 'கூட்டு மண்' என்று ஒன்றாகச் சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. மேட்டு மண்ணையும் குப்பையையும் ஒரே பையில் அள்ளி, எந்தப் பூஞ்சைகள் உள்ளன என்று டிஎன்ஏ பார்த்தால், எங்குமே இல்லாத ஒரு சராசரி மண்தான் கிடைக்கும். அப்புறம், டிஎன்ஏ இருக்கிறது என்பதால் அந்தப் பூஞ்சை அங்கே வளர்கிறது என்று ஆகாது. உறங்கும் வித்தாக இருக்கலாம். செத்த இழையாகவும் இருக்கலாம். குப்பையில் பயிர்ப் பூஞ்சையின் தடயம் கிடைத்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும், ஏனென்றால் அங்கே கொட்டப்படுவதே பழைய தோட்டம்தான்.

கூட்டின் வயதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ராணி இறந்தால் புது வேலைக்காரிகள் பிறப்பதில்லை. களையெடுக்க ஆள் குறையும்போது மற்ற பூஞ்சைகள் தோட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. உயிருள்ள கூடும் கைவிட்ட கூடும் மேலிருந்து பார்க்க ஒரே மண்மேடாகத் தெரியலாம். ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் முதலில் வாசலில் எறும்பு நடமாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மண்ணை அள்ளலாம். இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.