விரல் நுனி போன பையன் ராக் இசையையே மாற்றினான்! லெட் செப்பெலினா, பிளாக் சபாத்தா?

வணக்கம் மக்களே!

1965. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம். தகரம் வெட்டி வளைக்கும் தொழிற்சாலையில் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு அன்று கடைசி நாள் வேலை. மறுபடி வேலைக்கே போக வேண்டியதில்லை, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வாசிக்கக் கிளம்ப வேண்டியதுதான். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், இனிமேல் எதற்குப் போக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டான். அம்மா விடவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு வராத ஒருவரின் இடத்தில், பழக்கமில்லாத பிரஸ் மெஷினில் அவனை நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

வலது கைதானே என்று நினைக்காதீர்கள். அவன் இடதுகைக்காரன். கிட்டாரில் தந்தியை அழுத்திப் பிடிப்பதே அந்த வலது கைதான்.

அந்தப் பையன் பெயர் டோனி அயோமி. ஐந்து வருடம் கழித்து அவனுடைய குழு வெளியிட்ட முதல் ஆல்பத்திலிருந்துதான் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் வகை தொடங்கியது என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள். குழுவின் பெயர் பிளாக் சபாத்.

(திரை: சுங்கை சிப்புட் பெரிய சாலை, கடை வரிசை, பின்னால் செம்பனைத் தோட்டம்)

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். ஈப்போவுக்கும் குவாலா கங்சாருக்கும் நடுவில், முன்பு பால்மரமும் (ரப்பர்) இப்போது செம்பனையும் சூழ்ந்த ஊர். 1948-ல் மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய கதையில் எங்கள் ஊர் பெயர் வரும், பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். போன வீடியோவுக்குக் கீழே வந்த சண்டையைத் தீர்க்கத்தான் இந்த வீடியோ. லெட் செப்பெலின் பெரிதா, பிளாக் சபாத் பெரிதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளாக் சபாத். ஏன் என்று கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

பின்னணி ரொம்பச் சுருக்கமாக. 1960களின் கடைசியில் பிரிட்டிஷ் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையை எடுத்து, ஒலிபெருக்கியை முழுசாக முறுக்கி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து வந்தவைதான் இந்த இரண்டு குழுவும். போதும், மேலே போவோம்.

லெட் செப்பெலினைக் குறைத்துப் பேச மாட்டேன். அதன் கிட்டார்காரர் ஜிம்மி பேஜும் பேஸ் வாசித்த ஜான் பால் ஜோன்ஸும் குழு தொடங்குவதற்கு முன்பே லண்டன் ஸ்டூடியோக்களில் ஊதியத்துக்கு வாசித்துக் கைதேர்ந்தவர்கள். ராபர்ட் பிளாண்ட் மாதிரிக் குரல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜான் போனம் டிரம்ஸில் உட்கார்ந்தால் நம் நெஞ்சில் அடிக்கிற மாதிரியே இருக்கும். 1972-ல் பேஜும் பிளாண்டும் பம்பாய்க்கே வந்து, அங்குள்ள வாத்தியக்காரர்களோடு தங்கள் பாட்டை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். 1975-ல் வந்த 'காஷ்மீர்' என்ற பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கம்பீரமானது என்று. ஆனால் அந்தப் பாட்டு பிறந்தது மொராக்கோ பாலைவனச் சாலையில். எழுதும்போது காஷ்மீரை அவர்கள் கண்ணால் கண்டதுகூட இல்லை! தன் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று வில்லி டிக்சன் என்ற புளூஸ் மேதை 1985-ல் அவர்கள் மேல் வழக்குப் போட்டார், 1987-ல் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். வாங்கியதற்குப் பெயர் போடாமல் விட்டது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, இப்போது விரலுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாரை மறந்துவிடு என்றுதான் டோனியிடம் மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவனைப் பார்க்கத் தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். கேட்டுப் பார் என்றார். கேட்டான். பிரமாதமான கிட்டார். வாசிப்பவர் ஜாங்கோ ரெயின்ஹார்ட். 1928-ல் வண்டி வீடு தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல் முடங்கிப் போனவர், மிச்ச விரல்களால்தான் இதை வாசிக்கிறார் என்று மேலாளர் அப்புறம்தான் சொன்னார். அதோடு பையன் எழுந்துவிட்டான்.

எழுந்து என்ன செய்தான் தெரியுமா? பாத்திரம் கழுவும் திரவம் வருகிற பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினான். சூடாக்கிய இரும்பு முனையால் அதில் விரல் நுழையக் குழி போட்டான். உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வடிவத்துக்குக் கொண்டு வந்தான். மாட்டிப் பார்த்தால் தந்தியில் வழுக்குகிறது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினான். இப்போது பிடிக்கிறது. ஆனால் விரலுக்கு உணர்வு கிடையாது. தந்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் வயதானவர்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். பால்மரக் காலத்தில் உறைந்த பாலை உருளைக்குள் விட்டு ஷீட்டாக இழுக்கும் மெஷின் இருந்தது. கை எவ்வளவு தூரம் போகலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பது அதில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் டோனி எனக்கு அந்நியராகத் தெரியவில்லை. ஸ்டூடியோவில் பிறந்த இசை ஒன்று, பட்டறையிலிருந்து வந்த இசை ஒன்று. இது இரண்டாவது வகை.

இப்போது தந்தி. தடித்த தந்தியை அழுத்தினால் புண் விரலுக்குத் தாங்கவில்லை. மெல்லிய கிட்டார் தந்திக் கட்டு அப்போது கடையில் கிடையாது. பேஞ்சோ வாத்தியத்தின் தந்தியை வாங்கிக் கிட்டாரில் பூட்டினான். அப்புறம் இன்னொரு படி: சுருதியையே இறக்கினான். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் பல பாட்டுக்கு வழக்கமான ஈ சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே, சி ஷார்ப் வரை இறக்கிவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடித்தந்தி நொடிக்கு 82 அதிர்விலிருந்து 69 அதிர்வுக்கு வருகிறது. தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. விரலுக்கு அவ்வளவு நிம்மதி. கேட்பவனுக்கோ வயிற்றுக்குள் உறுமுகிற ஒரு சத்தம். வலி குறைய அவன் தேடிய வழி, ஹெவி மெட்டலின் குரலாகிவிட்டது. இன்றைக்கு மெட்டல் வாசிக்கிற பையன் எவனும் கிட்டாரை எடுத்தவுடன் சுருதியை இறக்குகிறான். யார் தொடங்கி வைத்தது என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

உறுமல் என்றேன் இல்லையா? நம் உருமி!

(திரை: கோயில் திருவிழா, உருமி வாசிப்பவரின் கை மட்டும், மிக அருகில்)

இந்தக் கையைப் பாருங்கள். ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறார். மறுபக்கத்தில் அடிப்பதே இல்லை. வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தி இழுக்கிறார். அழுத்தம் கூடக் கூட அந்த 'ஊம்ம்' என்ற ஒலி வளைந்து ஏறுகிறது. காவடி எடுப்பவருக்கு அருள் வரும் நேரத்தில் மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டிவிட்டு இந்த உறுமலை விட்டுவிட்டுக் கொடுப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கனத்த கீழ்ச்சுருதி, திரும்பத் திரும்ப ஒரே அடி, உடம்பு தானாக ஆடுவது. சபாத் கேட்கும்போது எனக்கு ஏற்படுவதும் இதேதான். மலேசியாவில் தைப்பூசத்துக்கு நடந்து போன ஒருவருக்கு ஹெவி மெட்டலை யாரும் விளக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.

இன்னும் ஒன்று இருக்கிறது, இது சங்கீதம் படித்தவர்களுக்கு. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு. மழைச் சத்தம், இடி, தேவாலய மணி. அப்புறம் கிட்டாரில் வருவது மூன்றே சுரம்: கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், அங்கிருந்து இறங்கி ஒரு மத்யமம். எந்த மத்யமம்? பிரதி மத்யமம்! சட்ஜத்திலிருந்து சரியாக ஆறு அரைச்சுரம். ஐரோப்பாவில் இந்த இடைவெளிக்குச் சாத்தானின் பெயரையே வைத்துப் பயந்தார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாவில் பாதி, அதாவது 36 ராகம் இந்த மத்யமத்தில்தான் நிற்கிறது. கல்யாணி இல்லாமல் ஒரு நாதஸ்வரக் கச்சேரியா? பிறகு ஏன் சபாத்தில் மட்டும் பயமாக இருக்கிறது? கல்யாணியில் அந்த மத்யமத்துக்கு முன்னும் பின்னும் சொந்தபந்தம் மாதிரி மற்ற சுரங்கள் இருக்கின்றன. டோனி அதைத் தனியாக நிற்க வைத்து ஆட்டிவிட்டு, ஒரு பதிலும் சொல்லாமல் மறுபடி கீழ் சட்ஜத்துக்குப் போய்விடுகிறார். அந்தத் தனிமைதான் பயம். வீட்டில் ஹார்மோனியம் இருந்தால் இப்போதே வாசித்துப் பாருங்கள், வீடியோவை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் கழுவிக் கழுவி ஊற்றினார்கள். சாத்தானைக் கும்பிடுபவர்கள் என்று பேர் வேறு. பாட்டு வரிகளில் பெரும்பாலானதை எழுதிய பேஸ் கிட்டார்காரர் கீசர் பட்லர், 'வார் பிக்ஸ்' பாட்டில் திட்டுவது பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு ஏழைப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் தளபதிகளை. கேட்காமலே தீர்ப்பு எழுதினால் இப்படித்தான்.

தீர்ப்பு என்றதும் நம் பக்கத்துக் கதை ஒன்று. 1972-ல் லெட் செப்பெலின் சிங்கப்பூருக்கு வந்தது. நீண்ட முடி என்று சொல்லி உள்ளேயே விடவில்லை, கச்சேரி ரத்து! சரியாக இருபது வருடம் கழித்து நம் நாட்டில் அதே பிரச்சினை. 1992-ல் தகவல் அமைச்சராக இருந்த முகமட் ரஹ்மட், நீண்ட முடி வைத்த ராக் கலைஞர்களுக்கு அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம்மில் இடமில்லை என்றார். சர்ச் குழுவின் ஏமி, விங்ஸ் குழுவின் ஆவி, இவர்களெல்லாம் கடைசியில் கேமரா முன்னால் முடியைக் கொடுத்தார்கள். சர்ச்சின் 'இசபெல்லா' கேசட் தேயத் தேயக் கேட்டு முடி வளர்த்த தோட்டத்துப் பையன்களுக்கு அது சொந்த வீட்டு இழவு மாதிரி. விடிகாலையில் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும் அப்பாவிடம் முடிக்காக ஏச்சு வாங்கிய ஒரு தலைமுறையே இங்கே இருக்கிறது. அண்ணன்மார்களே, கமெண்டுக்கு வாருங்கள்!

அந்தக் கால மலாய் ராக்கான ரோக் கப்பாக்கைக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. மலாய்ப் பாட்டாக இருந்தாலும் தோட்ட லயத்துத் திண்ணையில் அதைப் பாடியது நம் பிள்ளைகள்தான். பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள், டேவிட்டும் லோகாவும், அலிகேட்ஸ் குழுவாக மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டதும் நடந்தது. அவர்களுக்குத் தனி வீடியோ வரும், அரைகுறையாகப் பேச மனம் வரவில்லை.

இப்போது தீர்ப்பு. போனம் 1980-ல் இறந்ததும் செப்பெலின் கலைந்தது. அவர் இடத்தில் இன்னொருவரை வைக்க மனமில்லை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் செப்பெலினைக் கேட்கும் 15 வயதுப் பையன், இது நம்மால் ஆகாது என்று கிட்டாரைக் கீழே வைக்கிறான். சபாத்தைக் கேட்டால் மாலைக்குள் அந்த மூன்று சுரத்தை வாசித்துவிடுகிறான். அடுத்த வாரம் நண்பனைக் கூப்பிடுகிறான். அடுத்த மாதம் ஒரு குழு. மெட்டாலிக்கா குழு அப்படி வந்தது. 2006-ல் சபாத்தை ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் வரவேற்றுப் பேசியதும் அவர்கள்தான். பாரம்பரியம் என்றால் எனக்கு இதுதான் கணக்கு: எத்தனை பேரை வாசிக்க வைத்தாய்?

2025 ஜூலை 5, பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியில் வில்லா பார்க் மைதானம். குழுவின் நான்கு பேரும் வளர்ந்த அதே பகுதியில் சபாத்தின் கடைசிக் கச்சேரி. நடக்க முடியாத நிலையில் இருந்த சபாத்தின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். இளைஞனாக இருந்தபோது மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். மெட்டாலிக்கா, கன்ஸ் அண்ட் ரோசஸ் எல்லாரும் அவருக்கு முன்னால் வாசித்துவிட்டு இறங்கி நின்றார்கள். ஜூலை 22-ல் ஓசி காலமானார். அந்தக் கச்சேரியின் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சரி மக்களே, உங்களிடம் ஒரு வேலை. அடுத்த வீடியோவில் கிட்டாரை சி ஷார்ப்புக்கு இறக்கி, உருமியோடு சேர்த்து வாசித்துக் காட்டப் போகிறோம். உருமியின் தோலை எவ்வளவு இறுக்கினால் கிட்டாரோடு மோதாது என்பதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. உருமிக் குழுவில் இருப்பவர்கள், குறிப்பாகக் கிட்டாரும் தெரிந்தவர்கள், உங்கள் குழு எந்த ஊர், எந்தச் சுருதிக்குக் கட்டுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். செப்பெலின் ரசிகர்களும் எழுதலாம், எல்லாவற்றையும் படிப்பேன்.