ரப்பர் என்ன வெல?

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, பிள்ளைக்கு ஐக்யூ, அதான் புத்திய அளக்குற மார்க்கு, எவ்வளவுன்னு எங்க பாக்கலாம்னு கேக்கத்தான் நாகர்கோவில் வர பஸ் ஏறி வந்திருக்கீங்க, தெரியும். மொதல்ல ஒரு கணக்கு. பேனாவும் ரப்பரும் சேத்து 22 ரூவா, ரப்பர விட பேனா 20 ரூவா கூட, அப்போ ரப்பர் என்ன வெல?

மனுசன் எப்படி முடிவெடுக்கான்னு ஆராயுற ஷேன் ஃபிரெடரிக் 2005ல எழுதுன பேட்-பந்து கணக்குதான், நான் பேனாவா மாத்திட்டேன். ஹார்வர்ட் பிள்ளையளே நெறைய பேரு தப்பா சொன்னது.

எங்க அக்கா மவன்ட்ட கேட்டேன், ஏழாங்கிளாஸ், எப்பவும் ஃபர்ஸ்ட் ராங்க். நான் முடிக்கல, "2 ரூவா மாமா"ன்னுட்டான். தப்புலேன்னா ஒத்துக்க மாட்டேங்கான், 22ல 20 போனா 2தானே, நீங்கதான் கேள்விய மாத்தி சொல்லிட்டீங்கன்னு கால் மணி நேரம் வாதாடுறான், அதுவும் பாயிண்ட் பாயிண்டா. அங்கதான் எனக்கு பயமே வந்துச்சு. புத்தி இருக்கு, ஆனா அம்புட்டு புத்தியும் மொத பதில காப்பாத்தவே செலவாவுது.

யோசிக்கத பத்தி நெறைய புத்தகம் எழுதுன எட்வர்ட் டி போனோ சொன்னாரு, புத்தி வண்டியோட எஞ்சின், யோசிக்கது ஓட்டுற தெறமைன்னு. குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற ரோட்ட நெனச்சுப் பாருங்க, எஞ்சின் பெருசா இருந்தா மட்டும் வளைவுல வண்டி நிக்குமா? யோசிக்கத கத்துக்குடுக்கணும், கெட்டிக்கார பிள்ளைக்கு இன்னும் கூடுதலாவே.

ஐக்யூவ நான் கொற சொல்லல. பினேங்குற மனோதத்துவக்காரரு 1905ல பாரீஸ்ல அந்த டெஸ்ட செஞ்சதே படிப்புல உதவி தேவப்படுற பிள்ளையள கண்டுபிடிக்கத்தான், நாம அத மெடலாக்கிட்டோம். 1921ல கலிஃபோர்னியாவுல டெர்மன்ங்குற மனோதத்துவக்காரரு ஆராய்ச்சிக்குன்னு ஐக்யூ பாத்து சுமார் 1500 பிள்ளையள பொறுக்கி எடுத்தாரு. டெஸ்ட்ல பத்தலன்னு விட்டுப்போனதுல ரெண்டு பேரு ஷாக்லியும் ஆல்வாரெஸும், 1956லயும் 1968லயும் இயற்பியல் நோபல் வாங்குனாவ. பொறுக்குன 1500ல ஒருத்தருக்கும் நோபல் இல்ல.

அக்கா மவன் வாதாடுன அன்னைக்கு நான் பதில் சொல்லல. சில்லறைய திண்ணையில கொட்டி, "உன் கணக்குப்படியே அடுக்குலே மக்கா"ன்னேன். ரப்பருக்கு 2 வச்சான், அதவிட 20 கூடன்னு பேனாவுக்கு 22 வச்சான், மொத்தம் எண்ணுனான், 24. கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பெறவு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு ரூவாய எடுத்துட்டு, "ரப்பர் 1 ரூவா மாமா, ஆனா எல்லாருக்கும் ஏன் 2ன்னே தோணுது?"ன்னு கேட்டான். ராத்திரி சோறு வைக்கது வர அதையேதான் பேசிட்டிருந்தோம்.