எழுதற ஃப்ரெண்டோட எப்படி இருக்கறது

எல்லாருக்கும் வணக்கம். எழுத்தாளர்களப் பத்தி பேச நெறைய மேடை இருக்கு, அவங்க ஃப்ரெண்ட்ஸ் கிட்ட யாரும் பேசறதில்ல, அதனால இன்னிக்கு உங்க கிட்ட பேசலாம்னு வந்திருக்கேன்.

மொதல்ல ஒண்ணு. உங்க ஃப்ரெண்டு எழுதறான்னா, அவன் எழுதறது வேலை. காசு வருதோ இல்லையோ, வேலைதான். "வீட்ல சும்மாதானே இருக்க, கெளம்பி வா"ன்னு ஃபோன் பண்றோம் பாருங்க, அங்கதான் மனஸ்தாபம் ஆரம்பிக்குது. நாம அஞ்சு நிமிஷம் பேசிட்டு வெச்சிடுவோம், ஆனா அவன் பாதியில விட்ட வரிக்கு திரும்பிப் போக அரை நாள் ஆகும், சில சமயம் அந்த வரி வரவே வராது. ஜன்னல வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கான்னா அப்பவும் வேலைதான் நடக்குது.

ஹார்ப்பர் லீன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர். நியூயார்க்ல ஏர்லைன்ஸ்ல டிக்கெட் ரிசர்வேஷன் வேலை பாத்துட்டே எழுதிட்டு இருந்தாங்க. 1956 கிறிஸ்துமஸ் அன்னிக்கு மைக்கேல் பிரவுன், ஜாய் பிரவுன்னு அவங்க ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் ஒரு கவர் குடுத்தாங்க. வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் இஷ்டப்பட்டத எழுது, செலவு எங்களோடதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. அவங்க பெரிய பணக்காரங்க இல்ல, குழந்தைங்க இருக்கற குடும்பம், அந்த வருஷம் கையில கொஞ்சம் காசு வந்திருந்தது, அவ்ளோதான். 1960ல அவங்க நாவல் "டு கில் எ மாக்கிங்பேர்ட்" வந்துச்சு, 1961ல அதுக்கு புலிட்சர்ங்கற பெரிய அமெரிக்கப் பரிசு கெடச்சுது. நம்மால அவ்வளவு பணம் குடுக்க முடியாம போகலாம், ஆனா காலையில மூணு மணி நேரம் அவன தொந்தரவு பண்ணாம இருக்க முடியும்ல?

அப்புறம், படிச்சுப் பாருன்னு கையில குடுப்பான். நாம கதையப் படிப்போம், அவன் நம்ம மூஞ்சியப் படிச்சுட்டு இருப்பான். "சூப்பர்"னு சொன்னா அவனுக்கு ஒண்ணும் கெடைக்காது, "என்னவோ கொறையுது"ன்னு சொன்னா ராத்திரி தூக்கம் போயிடும். இடத்தக் காட்டிச் சொல்லுங்க: மூணாவது பக்கத்துல அந்த அம்மா கதவத் தெறக்கற எடத்துல யார் பேசறாங்கன்னு புரியல, நாலாவது பக்கத்துல ரெண்டு பத்தி தாண்டிப் போயிட்டேன், கடைசி பக்கம் வந்தப்போ டீ ஆறிப்போனதே தெரியல. இப்படிச் சொல்ல இலக்கியம் படிச்சிருக்க வேணாம், கவனமா படிச்சிருந்தா போதும். வாசகரா உங்களுக்கு என்ன ஆச்சோ அதச் சொல்லுங்க, எப்படி திருத்தணும்ங்கறத அவன் பாத்துப்பான்.

ரெண்டு பேருமே எழுதறவங்களா இருந்தா கஷ்டம் கொஞ்சம் ஜாஸ்தி. லீயும் ட்ரூமன் கபோட்டியும் பக்கத்து வீட்டுப் பசங்களா பழகினவங்க. 1959ல கபோட்டி ஒரு கொலையப் பத்தி எழுத அமெரிக்காவுல இருக்கற கேன்சாஸ் மாநிலத்துக்குப் போனப்போ லீ கூடவே போயி, ஜனங்க கிட்ட பேசி, பக்கம் பக்கமா குறிப்பு எடுத்துக் குடுத்தாங்க. 1966ல புத்தகம் வந்தப்போ லீ பேரு சமர்ப்பணத்துல இருந்துச்சு, அவங்க செஞ்ச வேலையப் பத்தி முழுசா எதுவும் சொல்லல. அப்புறம் அந்த நட்பு பழையபடி இல்ல. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். ஃப்ரெண்டு உழைச்சுக் குடுத்தா அது இன்னதுன்னு அச்சுல சொல்லணும், எழுதறவங்க யாராவது இங்க இருந்தா இத உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

கடைசியா, எல்லாரும் பயப்படற விஷயம்: நம்மளக் கதையில போட்டுடுவானோ? போடுவான். லீயோட நாவல்ல வர்ற ஒரு சின்னப் பையனே கபோட்டிய வெச்சு எழுதினதுதான். உங்க மூக்க, நடைய, நீங்க சண்டை போடற விதத்த எடுத்துக்குவான், கூட வேற யாரோட சாயலோ கலந்திருக்கும், "அது நான்தானே"ன்னு வரி வரியா விசாரிக்காதீங்க. ஆனா உங்க வீட்டுப் பிரச்சினைய நம்பிச் சொல்றப்போ "இது கதைக்கு இல்ல"ன்னு அப்பவே சொல்லிடுங்க, அச்சாகி வந்தப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அப்படிச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்கு, நல்ல ஃப்ரெண்டா இருந்தா கேட்டுப்பான்.

நன்றி. கேள்வி இருந்தா கேளுங்க.