இலவசப் பகடைக்கு 60 ரூபாய்!

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் கமராவைப் போட்டிருக்கிறேன். சின்னவளுக்கு விளையாட இணையத்தில் ஒரு தாள் பகடை எடுத்தேன். வெட்டி, மடித்து, ஒட்டுகிற ரகம். சதம் காசு இல்லை, இலவசம். ஆனால் பிரிண்ட் கடையில் நிறத்தில் எடுக்கத் தாள் ஒன்று 60 ரூபாய். சரி, பிள்ளைக்குத்தானே என்று கொடுத்தால், வந்த தாளில் இரண்டு பக்கமும் ஓரத்தைக் காணவில்லை! அந்த ஓரத்தில்தான் கம் பூசுகிற மடிப்பு இருக்கிறது. அது இல்லாமல் பகடையை எதில் ஒட்டுவது?

கடைத் தம்பி "ஃபைலே அப்படித்தான் அக்கா" என்கிறார். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. இப்படி இலவசமாகக் கிடைப்பவற்றில் நிறைய அமெரிக்காக்காரர் செய்தவை. அவர்களுடைய லெட்டர் தாள் 216 மில்லிமீற்றர் அகலம், நம்முடைய ஏ4 210 தான். அப்படியே அடித்தால் 6 மில்லிமீற்றர் போச்சு. பிரிண்டர் வேறு ஓரத்தில் கொஞ்சம் விட்டுத்தான் அடிக்கும். பிரிண்ட் கொடுக்கும்போது படத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்க 'ஃபிட்' என்று ஒன்று இருக்கிறதே, அதை ஒரு தட்டுத் தட்டியிருந்தால் முழுப்படமும் உள்ளே வந்திருக்கும். ஒரே ஒரு தட்டு! அந்த 60 ரூபாயை நான் இலேசில் மறக்க மாட்டேன்.

கிளிட்டர் எனக்கு ஆகாது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். இனி நிறப் பிரிண்டும் அந்தப் பட்டியலில். எல்லா நிறத்தையும் பிரிண்டரே தீட்டிவிட்டால் பிள்ளை என்ன செய்வாள், பார்த்துக்கொண்டு இருப்பாளா? கறுப்புக் கோடு போதும்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருவோம். மான். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள்ளே நிற்கிற மானைப் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் வேறு கதையே இல்லை. ஆனால் தேடினால் வருவதெல்லாம் சிவப்பு மூக்கும் கழுத்துத் துண்டும் கட்டின பனிமான்! திருகோணமலை வெயிலில் கழுத்துத் துண்டு! அதனால் வெறும் கோட்டுப்படம் ஒன்று எடுத்து, சின்னவள் தேயிலைச் சாயத்தால் உடம்பைத் தீட்டினாள். காய்ந்த பிறகு, காது துடைக்கிற பஞ்சுக்குச்சியை வெள்ளைப் பெயின்டில் தொட்டுத் தொட்டுப் புள்ளி. இங்கே பாருங்கள், குளம்பிலும் புள்ளி இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொம்பு வேண்டாம் என்றாள், அது அம்மா மானாம். சரிதான், புள்ளிமானில் கிடாவுக்குத்தானே கொம்பு.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்த தாளில் சாயம் பட்டால் கோடு கரைந்து ஓடிவிடலாம். ஒரு பிரதி அடித்து, அதைப் போட்டோக்கொப்பி எடுங்கள். அந்தக் கறுப்பு தண்ணீருக்கு அசையாது, கொப்பிக்குக் காசும் குறைவு. தீட்டி முடித்ததைப் பால்மாப் பெட்டி அட்டையில் ஒட்டி வெட்டினால் மான் நிமிர்ந்து நிற்கும். பிறிஸ்டல் போர்ட் வாங்கவே தேவையில்லை.

பகடையும் கடைசியில் அதே அட்டையில்தான், அடிமட்டம் வைத்து நானே கீறினேன். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் 7 வரவேண்டும், பார்த்துப் புள்ளி வையுங்கள். மான் படம் கீழே இருக்கிறது, ஏ4 அளவுக்கே மாற்றித்தான் போட்டிருக்கிறேன். திமிங்கிலம் கேட்டவர்களுக்கு அடுத்த கிழமை.