மைக்குக்கும் காது அடைக்கும்

கடியபட்டணத்திலிருந்து சிப்பி குளிக்கிற அண்ணன்மார் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் உங்களை வைத்தே தொடங்குகிறேன். பாறையில் ஒட்டிய சிப்பியைப் பெயர்க்க முங்கும்போது, இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழம், இறங்குவதற்குள் காது வலிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுவீர்கள், டப்பென்று திறந்துகொள்ளும். ஆழத்தில் முங்குகிறவரின் முகமூடிக்குள் வைக்கிற ஆழ்கடல் மைக்கின் பாதி வித்தை அதுதான்.

மைக்குக்குள் மிக மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது, அதுதான் அதன் காது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 100 மீட்டரில் 11 மடங்கு. முகமூடிக்குள் இருக்கிற வாயுவும் அதே அளவுக்கு அமுங்கித்தான் இருக்கும். நான் முதலில் செய்த மைக்கில் தண்ணீர் புகக்கூடாது என்று சுற்றிலும் எபாக்ஸி பசை ஊற்றி இறுக அடைத்தேன். அழுத்தத் தொட்டியில் வைத்து எடுத்துப் பிரித்துப் பார்த்தால், சவ்வு அதன் பின்னால் இருக்கிற தகட்டோடு ஒட்டிக் கிடந்தது, நகத்தால் கிளப்பினாலும் வரவில்லை. தண்ணீர் ஒரு சொட்டும் போகவில்லை, ஆனால் மைக் செத்துவிட்டது.

சரி, பின்பக்கம் ஊசித்துளை போட வேண்டும். துளை பெரிதானால் குரலின் கனம் அதன் வழியாகவே கசிந்துவிடும். சிறிதானால் ஆள் வேகமாக இறங்கும்போது அழுத்தம் சமமாக நேரம் போதாது, அப்புறம் மூச்சின் ஈரம் வேறு வந்து அடைத்துக்கொள்ளும். என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு துளைதான்.

ரொம்ப ஆழத்தில் ஹீலியம் கலந்துதான் சுவாசிப்பார்கள். ஹீலியத்தில் ஒலி காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம், அதனால் குரல் கீச்சென்று வாத்துக் கத்துவதுபோல் மாறிவிடும். மேலே ஒரு கருவி அதைத் திருத்தும், ஆனால் போன் மைக்கைப் போல உச்ச ஒலிகளை வெட்டிவிட்டால் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மூச்சிரைப்பை வடிகட்டிவிடு என்றும் சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கீழே இருக்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று மேலே இருக்கிறவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தண்ணீருக்குள்ளேயே வைக்கிற ஹைட்ரோஃபோன் வேறு ஜாதி. அதற்குள் காற்றே இருக்கக்கூடாது. அழுத்தினால் மின்சாரம் தருகிற பீங்கான் துண்டைச் சுற்றி நம்ம ஆமணக்கெண்ணெயை நிரப்புவார்கள், அதில் ஒலி போவது கிட்டத்தட்டத் தண்ணீரில் போவது போலவே இருக்கும். இதோ இந்த வாளியில் ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் ஒருவர் வந்து தண்ணீருக்குள் இரண்டு சிப்பியைத் தட்டுங்கள், ஸ்பீக்கரில் கேட்போம்.